பழைய போனில் அடிக்கும் அலாரம் புது போனில் ஏன் சொதப்புகிறது?

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழுவுக்குத் தழை போடும் நேரத்தை நினைவூட்ட அப்பாவுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கிறார். காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 10 என்று நாளைக்கு நான்கு அலாரம். அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு 5.1 போனில் பரவாயில்லாமல் அடிக்கிறது. சித்தப்பாவின் ஆண்ட்ராய்டு 13 போனில் பகல் அலாரமெல்லாம் வருகிறது, இரவு 10 மணி அலாரம் மட்டும் வெகுநேரம் கழித்து வருகிறது. திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லும் ‘செட் ரிப்பீட்டிங்’ கட்டளையை எடுத்துவிட்டு, சரியான நேரத்துக்கு அடிக்கச் சொல்லும் ‘செட் எக்ஸாக்ட்’ போட்டுப் பார்த்தால், தம்பியின் சொந்த ஆண்ட்ராய்டு 14 போனில் மட்டும் ஆப்பே மூடிக்கொள்கிறது. “ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனியாகக் கோடு எழுதணுமா அண்ணா?” என்கிறார்.

வேண்டாம் தம்பி. உங்கள் ஆப்புக்கு வெர்ஷன் பார்த்துப் பிரிய வேண்டிய இடம் ஒன்றிரண்டுதான். ஆனால் அதற்கு முன் ஆப்பின் அமைப்பை மாற்ற வேண்டும். நான்கு வேளை அட்டவணையை அப்படியே, ஆண்ட்ராய்டில் அலாரங்களைக் கவனிக்கும் அலாரம் மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறீர்கள். பழைய ஆண்ட்ராய்டில் அது ஓரளவு நடந்தது. இன்றைக்கு நடக்காது. அட்டவணை உங்கள் டேட்டாபேஸில் இருக்கட்டும். சிஸ்டத்திடம் அடுத்த ஒரே ஒரு அலாரத்தை மட்டும் கொடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

முதலில் உங்கள் மூன்று போனிலும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஆரம்பக் காலத்தில் அலாரம் மேனேஜர் சொன்ன நேரத்துக்குச் சரியாக எழுப்பிவிடும். ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்கு எழுப்பியதால் பேட்டரி கரைந்தது. 2013-இல் வந்த 4.4 கிட்கேட்டிலிருந்து, அந்த வெர்ஷனையோ அதற்கு மேலையோ குறிவைத்து (எந்த வெர்ஷனுக்காக எழுதியது என்று ஆப் தானே அறிவிப்பதுதான் இந்தக் குறி) எழுதும் ஆப்புகளுக்கு ‘செட்’, ‘செட் ரிப்பீட்டிங்’ இரண்டும் தோராயமாகிவிட்டன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அலாரங்களைச் சிஸ்டம் ஒன்றாகச் சேர்த்து அடிக்கும். சரியான நேரம் வேண்டுமென்பவர்களுக்காகத்தான் ‘செட் எக்ஸாக்ட்’ அப்போது வந்தது. ஆக, அப்பாவின் 5.1 போனில்கூட உங்களுக்குச் சரியான நேரத்துக்கு அடிக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. அந்த போனில் தூங்கும் ஏற்பாடு இல்லாததால் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தத் தூங்கும் ஏற்பாடு 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. பெயர் டோஸ். சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கொஞ்ச நேரம் கிடந்தால் ஆழ்ந்த டோஸுக்குப் போய்விடும். அதன்பிறகு இடையிடையே கொஞ்ச நேரம் விழித்து, தேங்கிக் கிடக்கும் வேலைகளை முடித்துவிட்டு மறுபடி தூங்கும். நேரம் போகப்போக இந்த விழிப்புகளுக்கு இடையிலான இடைவெளியும் கூடிக்கொண்டே போகும். சாதாரண அலாரம் அடுத்த விழிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான். சித்தப்பா பகலில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். நடமாட்டத்தில் இருக்கும்போது ஆழ்ந்த டோஸ் வராது, 7-இல் சேர்த்த லேசான டோஸ் மட்டும்தான். ராத்திரி புழு மனைத் திண்ணையில் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் டோஸ் கேட்கும் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிடுகின்றன. பத்து மணி அலாரம் மட்டும் தாமதமாவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

‘செட் எக்ஸாக்ட்’ மட்டும் இதற்குப் போதாது என்பதையும் கவனியுங்கள். அது அலாரங்களை ஒன்றாகச் சேர்ப்பதிலிருந்துதான் தப்பிக்கும், டோஸிலிருந்து தப்பிக்காது. டோஸிலும் அடிக்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 6-இல் வந்த ‘செட் எக்ஸாக்ட் அண்ட் அலோ வைல் ஐடில்’ வேண்டும். அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. டோஸில் இருக்கும்போது ஒரு ஆப்புக்கு ஏறத்தாழ 9 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கிடைக்காது. அலாரத்தை யாரும் நிறுத்தாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கட்டும் என்று எழுதினால் அந்த ஐந்து நிமிடம் அங்கே செல்லாது.

இப்போது உங்கள் 14 போன். ஆண்ட்ராய்டு 12-இல் ‘ஷெட்யூல் எக்ஸாக்ட் அலாரம்’ என்று ஒரு தனி அனுமதி வந்தது. 12-ஐயோ அதற்கு மேலையோ குறிவைக்கும் ஆப், இந்த அனுமதி இல்லாமல் சரியான நேர அலாரம் கேட்டால் ‘செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்ற பிழை வரும், ஆப் விழும். 12, 13 இரண்டிலும் மேனிஃபெஸ்டில் (ஆப் தன்னைப் பற்றிச் சிஸ்டத்துக்குச் சொல்லும் கோப்பில்) ஒரு வரி எழுதினாலே அனுமதி தானாகக் கிடைத்துவிடும். 13-இல் விழாமல் 14-இல் மட்டும் விழுகிறது என்பதால் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 14-இல் என்ன மாறியது என்றால், 13-ஐயோ அதற்கு மேலையோ குறிவைத்துப் புதிதாக நிறுவப்படும் ஆப்புகளுக்கு இந்த அனுமதி ஆரம்பத்திலேயே மறுக்கப்பட்டுவிடும். பயனர் செட்டிங்ஸில் போய் அவரே திறந்துவிட வேண்டும். 13-இல் ஏற்கெனவே அனுமதியோடு இருந்த ஆப், அதே போன் 14-க்கு மாறினால் அனுமதியை இழக்காது. ‘என் போனில் ஓடுகிறதே, அவர் போனில் ஏன் ஓடவில்லை’ என்ற குழப்பம் பாதி இதனால்தான் வருகிறது.

‘யூஸ் எக்ஸாக்ட் அலாரம்’ என்று இன்னொரு அனுமதி 13-இல் வந்தது. அது கேட்காமலே கிடைக்கும், பயனரால் பிடுங்கவும் முடியாது. ஆனால் பிளே ஸ்டோரில் அலாரம், டைமர், காலண்டர் வகை ஆப்புகளுக்குத்தான் விடுவார்கள். புழுவுக்குத் தழை போடும் ஆப் அந்த வகையில் சேருமா என்பது வாதத்துக்குரியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் அனுமதியையே வைத்துக்கொண்டு, ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது ‘அலாரம் சரியான நேரத்துக்கு அடிக்க இதைத் திறந்துவிடுங்கள்’ என்று தமிழில் ஒரு திரை காட்டி, அங்கிருந்தே செட்டிங்ஸ் பக்கத்துக்கு அழைத்துப் போவேன். புழு வளர்ப்பவருக்கு ஏன் என்று சொன்னால் திறந்துவிடுவார். அனுமதிப் பெட்டியை மொட்டையாகக் காட்டினால்தான் யோசிப்பார்.

எந்த அழைப்பை (சிஸ்டத்திடம் அலாரம் கேட்கும் கட்டளையை) பயன்படுத்துவது என்பதற்கு வருகிறேன். ‘செட் அலாரம் கிளாக்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. இது 5.0-விலேயே வந்துவிட்டது, ஆக அப்பாவின் 5.1-லும் இருக்கிறது. டோஸிலும் அடிக்கும், 9 நிமிடக் கடிவாளமும் இதற்குக் கிடையாது. அலாரம் நெருங்கும்போது சிஸ்டமே டோஸை விட்டு எழுந்துவிடும். உங்கள் மூன்று போனுக்கும் ஒரே அழைப்பு. 12 முதல் மட்டும், அழைக்கும் முன் ‘கேன் ஷெட்யூல் எக்ஸாக்ட் அலாரம்ஸ்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் ‘செட் அலாரம் கிளாக்’. இல்லை என்றால் தோராயமான ‘செட் அண்ட் அலோ வைல் ஐடில்’. கூடவே ஆப்பின் முகப்பில் சிவப்பாக ஒரு வரி: ‘அலாரம் தாமதமாகலாம், அனுமதி தேவை’. தாமதமாகும் என்று தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் இந்த மாதிரி ஆப்பில் பெரிய தப்பு.

இதற்கும் ஒரு குறை உண்டு. மேலே பட்டையில் கடிகாரப் படம் எப்போதும் இருக்கும், பூட்டிய திரையில் அடுத்த அலார நேரமும் தெரியலாம். காலை ஐந்து மணிக்குப் பால் கறக்க அலாரம் வைத்திருப்பவருக்கு எது எதனுடையது என்று கொஞ்சம் குழம்பும். புழு வளர்ப்பவருக்கு அடுத்த தழை நேரம் திரையிலேயே தெரிவது நல்லதுதானே என்று நான் விட்டுவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு கறார் வேண்டியதும் இல்லை. புழு மனையின் வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லும் நினைவூட்டல் அரை மணி தள்ளி வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆண்ட்ராய்டு 12 முதல் தோராய அலாரங்கள்கூட, டோஸும் பேட்டரி சேவரும் குறுக்கே வராதவரை, சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணிக்குள் வந்துவிடும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி விலையை இறக்கிக் காட்டும் எண்ணம் இருந்தால் அது பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ‘ஒர்க் மேனேஜர்’ வேலை. அதில் மீண்டும் மீண்டும் ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், அதுவும் தோராயம்தான். விலைக்கு அது தாராளம்.

இனி அமைப்பு. உங்கள் ஆப்புக்கு நான்கு வேளை அட்டவணை என்பதே நிலையானது இல்லை என்று நீங்களே அறிவீர்கள். இளம்புழு மையத்திலிருந்து புழு வந்த பிறகு, தோலுரிப்புக்கு உட்காரும்போது தழை போடக்கூடாது. உரித்து எழுந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். அது எத்தனை மணி நேரம் என்பது குளிர், வெயிலைப் பொறுத்து மாறும். கூடு கட்டுமுன் வரும் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் மொத்தத் தழையில் பெரும்பங்கைத் தின்னும், அப்போது ஒரு வேளை தவறினாலும் கூட்டின் எடையில் தெரியும். இரண்டு தொகுதி புழு முன்பின்னாக ஓடினால் இரண்டுக்கும் நேரம் வேறு. இதையெல்லாம் ‘செட் ரிப்பீட்டிங்’கில் அடைக்கப் பார்த்தால் எந்த அலாரத்தை ரத்து செய்தோம், எது உயிரோடு இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

அதனால் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். டேட்டாபேஸைப் படிக்கும். எல்லாத் தொகுதிகளுக்கும் இப்போதைக்குப் பிறகு வரும் மிக அருகிலான நேரத்தைக் கண்டுபிடிக்கும். அதை மட்டும் சிஸ்டத்திடம் வைக்கும். அலாரம் அடித்ததும், சிஸ்டம் எழுப்பும் உங்கள் ஆப்பின் பகுதியான ரிசீவர் முதல் வேலையாக இதே ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், அறிவிப்பு காட்டுவதெல்லாம் அப்புறம். ரிசீவர் ஓடி முடியும் வரைதான் சிஸ்டம் போனை விழிப்பில் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் அடுத்ததை வைத்துவிட்டால் சங்கிலி அறாது. பயனர் ‘தோலுரிப்பு ஆரம்பம்’ என்று அழுத்தினாலும், நேரத்தை மாற்றினாலும், ஆப்பைத் திறந்தாலும் இதே ஃபங்ஷன்தான்.

இதில் இன்னொரு லாபம். ‘பெண்டிங் இன்டென்ட்’ (அலாரம் அடிக்கும்போது எதை ஓட்டுவது என்று சிஸ்டத்திடம் கொடுத்து வைக்கும் சீட்டு) பற்றிய தொல்லைகள் முக்கால்வாசி போய்விடும். இரண்டு இன்டென்ட் ஒன்றா வேறா என்று பார்க்கும்போது ஆண்ட்ராய்டு கூடவே வைத்த எக்ஸ்ட்ரா தகவல்களைப் பார்ப்பதில்லை. நான்கு அலாரத்துக்கும் ஒரே ரிக்வெஸ்ட் கோடு (அடையாள எண்) கொடுத்தால் கடைசியாக வைத்தது மட்டும் மிஞ்சும். நாலு வைத்தேன், ஒன்றுதான் அடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் பலரின் கதை இதுதான். ஒரே அலாரம் என்றால் ஒரே எண், எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம். எந்தத் தொகுதிக்கு அடித்தது என்பதை அடிக்கும் நேரத்தில் டேட்டாபேஸிலிருந்தே படித்துக்கொள்ளலாம். 12-ஐக் குறிவைத்தால் ‘இம்மியூட்டபிள்’ அல்லது ‘மியூட்டபிள்’ கொடியைக் கட்டாயம் சொல்ல வேண்டும், உங்களுக்கு ‘இம்மியூட்டபிள்’ போதும். அந்தக் கொடி 6-இல்தான் வந்தது, அப்பாவின் போனுக்கு அதை விட்டுவிடுங்கள். முன்பு சொன்ன ஒன்றிரண்டு இடங்களில் இது இரண்டாவது.

போன் அணைந்து எழுந்தால் அலாரங்கள் எல்லாம் காலி. போன் எழுந்துவிட்டது என்று சிஸ்டம் சொல்லும் ‘பூட் கம்ப்ளீட்டட்’ வரும்போது அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிட வேண்டும். ஆனால் அது பூட்டைத் திறந்த பிறகுதான் வரும். நடுராத்திரியில் போன் தானாக அப்டேட் ஆகி எழுந்து, யாரும் திறக்காமல் கிடந்தால் காலை ஆறு மணித் தழை போச்சு. 7 முதல் இதற்கு வழி இருக்கிறது: பூட்டு திறக்கும் முன்பே வரும் ‘லாக்ட் பூட் கம்ப்ளீட்டட்’. ரிசீவரை ‘டைரக்ட் பூட் அவேர்’ என்று குறித்து, அடுத்த அலார நேரத்தை மட்டும், பூட்டு திறக்கும் முன்பே படிக்க முடிகிற ‘டிவைஸ் புரொடெக்டட்’ சேமிப்பில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மற்ற தகவல் பூட்டிய பக்கமே இருக்கட்டும். பயனர் கடிகாரத்தை மாற்றினாலும், ஆப் அப்டேட் ஆனாலும், 12 முதல் அலார அனுமதி கொடுக்கப்பட்டாலும் சிஸ்டம் தகவல் சொல்லும். அனுமதியைப் பிடுங்கும்போது மட்டும் சொல்லாது, ஆப்பை நிறுத்தி அலாரங்களையும் அழித்துவிடும். ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் சரிபார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நேரத்துக்கு அடிப்பது ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அலாரம் சரியாக ஓடும், ஆனால் யாருக்கும் தெரியாது. 8 முதல் ஒலி என்பது, அறிவிப்புகளை வகை பிரிக்கும் அறிவிப்புச் சேனலின் சொத்து. அந்தச் சேனலின் ஒலி வகையை ‘அலாரம்’ என்று வைத்தால் அலாரத்துக்குரிய சத்த அளவில் ஒலிக்கும். சாதாரண அறிவிப்பாக வைத்தால் போனை சைலண்ட்டில் போட்ட அன்றைக்குப் புழு பட்டினி. சேனலை ஒருமுறை உருவாக்கிய பிறகு கோடிலிருந்து ஒலியை மாற்ற முடியாது, புதிய அடையாளத்தோடு வேறு சேனல்தான் உருவாக்க வேண்டும். விடாமல் அடிக்க ஒரு சர்வீஸ் எழுதலாம்தான், ஆனால் பின்னணியிலிருந்து சர்வீஸ் ஆரம்பிப்பதற்கு ஒவ்வொரு வெர்ஷனிலும் ஒரு நிபந்தனை கூடிக்கொண்டே போகிறது. அறிவிப்பில் ‘இன்சிஸ்டண்ட்’ கொடியைப் போட்டால் பயனர் கவனிக்கும் வரை ஒலி திரும்பத் திரும்ப வரும். உங்கள் தேவைக்கு அது போதும். முழுத்திரையில் காட்டும் வசதியை நம்பாதீர்கள். 14-இல் அதையும் போன் அழைப்பு, அலாரம் ஆப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

சர்வரிலிருந்து செய்தி அனுப்பி எழுப்பலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அஞ்செட்டி, பென்னாகரம் மலையோரத்தில் சிக்னல் எங்கே வரும், எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளேயே வைத்த அலாரத்துக்கு டவர் தேவையில்லை.

கோடால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்தினால் அலாரங்கள் அழிந்துவிடும், பயனர் மறுபடி ஆப்பைத் திறக்கும் வரை எந்தத் தகவலும் வராது. சில கம்பெனிகள் தங்கள் சொந்தப் பேட்டரி ஏற்பாட்டில், சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே இதைச் செய்துவிடுகின்றன. அந்த மாதிரி போனில் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ திறந்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்வதைத் தவிர வழியில்லை. இதற்காக ஒவ்வொரு அலாரமும் அடிக்க வேண்டிய நேரம், உண்மையில் அடித்த நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். ஆப்பைத் திறக்கும்போது இடையில் ஒரு வேளை விடுபட்டிருந்தால் ‘நேற்றிரவு 10 மணி அலாரம் அடிக்கவில்லை’ என்று அந்த போனுக்கான வழிமுறையோடு காட்டலாம்.

ஐபோன் யாரும் கேட்டால்: அங்கே 2010-இல் ஐஓஎஸ் 4-இல் வந்த உள்ளூர் அறிவிப்புகள்தான் நெடுநாள் வழியாக இருந்தன. ஒரு ஆப்புக்குக் காத்திருப்பில் அதிகபட்சம் 64 அறிவிப்பு, ஒலி 30 நொடி வரை. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-இல் ‘அலாரம்கிட்’ சேர்ந்த பிறகுதான் மற்ற ஆப்புகளும் சைலண்ட்டை மீறி அடிக்கும் நிஜ அலாரம் வைக்க முடிகிறது. அங்கே உங்கள் ஆப் பின்னணியில் ஓடும் என்று நம்ப முடியாது, ஆகவே அடுத்தது ஒன்றை மட்டும் வைக்கும் முறை பொருந்தாது. சில நாட்களுக்கானதை முன்கூட்டியே வைக்க வேண்டும்.

சோதிக்க ராத்திரி பத்து மணி வரை காத்திருக்க வேண்டாம். சித்தப்பாவின் போனைக் கேபிளில் இணைத்து, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக முதலில் பேட்டரியை ‘அன்பிளக்’ என்று நம்பவைத்து, திரையை அணைத்து, ‘டிவைஸ் ஐடில்’ கட்டளையில் ‘ஃபோர்ஸ் ஐடில்’ கொடுங்கள். போன் உடனே டோஸுக்குப் போகும். பத்து நிமிடத்தில் ஒரு அலாரம் வைத்துவிட்டுச் சும்மா விடுங்கள். ‘டம்ப்சிஸ் அலாரம்’ என்று கேட்டால் உங்கள் ஆப்பின் பெயரில் என்ன நிற்கிறது என்று காட்டும், ஒன்றுதான் இருக்க வேண்டும். முடிந்ததும் பேட்டரியை ‘ரீசெட்’ செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுவதையே காட்டாமல் சித்தப்பாவைப் பயமுறுத்தும். உங்கள் 14 போனில் ஆப்பை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவி, அனுமதி கொடுக்காமல் ஒரு முறை, கொடுத்து ஒரு முறை பாருங்கள். 13-இல் இதற்குப் பிறகும் தாமதம் வந்தால், அடிக்க வேண்டிய நேரமும் அடித்த நேரமும் உள்ள அந்தப் பதிவையும் ‘டம்ப்சிஸ்’ காட்டியதையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.